வண்டிக்கு ஒரு வெள்ளைக் கதிரை

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோபிப்பார் என்பதற்காக அல்ல; அவர் கோபித்து நான் பார்த்ததே இல்லை. தன் தொழிலில் வருகிற எந்தச் சாமானையும் அதன் பெயரால் சொல்லாத ஒரு மனிதரை நான் மட்டும் பெயர் சொல்லி இழுத்து வந்து நிறுத்துவது நியாயமாக இராது. அண்ணை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அண்ணையின் தொழில் கக்கூஸ் திருத்துவது. இப்படிப் பச்சையாக எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்ப்பார். திருகோணமலை உள்துறைமுகத்தில் கட்டி நிற்கிற உல்லாசப் படகுகள், ஓர்ஸ் ஹில் வீடுகள், உப்புவெளி விடுதிகள், எங்கே அடைத்தாலும் எங்கே உடைந்தாலும் ஆள் அவர்தான். லிங்கநகரில் வீடு. அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோய்த்து ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, நெற்றி நிறையத் திருநீறு, சைக்கிள் கரியரில் சாமான் பெட்டி. தெரியாதவர்கள் கணக்கு வாத்தியார் என்றுதான் நினைப்பார்கள். இப்போது மட்டக்களப்பில் மகளோடு போய் இருக்கிறார்.

அந்த மனிதர் முப்பது வருடமாக அந்த வேலையைச் செய்தார். ஆனால் அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை. கக்கூஸ் என்று சொல்லமாட்டார். சரி, கொஞ்சம் நாகரிகமாக ரொய்லெற் என்றாவது சொல்லலாமே? அதுவும் இல்லை. மலசலகூடம் என்று அரசாங்கமே போர்டு எழுதி வைத்திருக்கிறது, அதையும் வாசிக்கமாட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"கை வைச்சு வேலை செய்யிறியள். வாயால சொன்னா என்ன அண்ணை?"

"கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவலாம் தங்கச்சி. வாயை என்னண்டு கழுவுறது? இதே வாயாலதானே கோணேசரைக் கும்பிடுறன்" என்றார்.

எனக்கு எதையும் பட்டென்று சொல்லித்தான் பழக்கம். எங்கள் வீட்டில் எனக்கு இருக்கிற பெயரே லவுட்ஸ்பீக்கர்.

அந்தச் சொற்களுக்குப் பதிலாக அவரிடம் ஒரு தனி அகராதி இருந்தது. கொமட்டுக்குப் பெயர் கதிரை, அதாவது நாற்காலி. அதன் மூடி தொப்பி. கீழே போகிற குழாய் ஒழுங்கை, சின்னத் தெரு மாதிரி. எல்லாம் போய்ச் சேர்கிற தாங்கி பெட்டகம். தண்ணீர் அடித்துவிடுவதற்கு வழியனுப்புதல் என்று பெயர். மணம் வந்தால் அது செய்தி. "ஒழுங்கையில சனம் கூடிப்போச்சு, அதுதான் செய்தி வெளியால வருது" என்று அவர் சொன்னால், குழாய் அடைத்து நாறுகிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். பழகியவர்களுக்கு விளங்கும். பழகாதவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

உப்புவெளியில் புதிதாக விடுதி திறந்த ஓர் அம்மா அகப்பட்டுக்கொண்டார். அண்ணை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, உங்கட ஒழுங்கையில சரியான சனம். நான் சொல்லுமட்டும் ஒருத்தரையும் விடாதேங்கோ" என்றிருக்கிறார். அந்த அம்மா ஏதோ கலவரம் என்று பயந்து, ஓடிப்போய் கேற்றைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார். கடலில் குளித்துவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் அரை மணித்தியாலம் ஈர உடுப்போடு வெளியே நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு அவசரம் வேறு. அண்ணை வேலையை முடித்துவிட்டு வந்து, "இப்ப எல்லாரும் போயிட்டினம், இனிப் பயமில்லை" என்றாராம். அந்த அம்மா அன்றைக்குக் கோயிலில் தேங்காய் உடைத்தார் என்று கேள்வி.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

நானும் இவரும், என் கணவர்தான், அப்போது ஒரு வண்டி வைத்திருந்தோம். பழைய சின்ன பஸ் ஒன்றை வாங்கி, சீற்றுகளைக் கழற்றி, கட்டில் போட்டு, ஒரு மூலையில் குசினி, இன்னொரு மூலையில் சின்ன யன்னலோடு ஒரு கக்கூஸ் என்று எல்லாம் வைத்துக் கட்டினோம். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய் கடற்கரைகளில் நிறுத்தி, அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே படுப்பார்கள். ஊரில் அதற்கு வீட்டு பஸ் என்று பெயர். மாரி தொடங்கினால் ஒருவரும் வரமாட்டார்கள். தார்ப்பாய் போர்த்திக்கொண்டு எங்கள் வாசலிலேயே நிற்கும்.

எங்களோடு மாமி இருந்தார். மாமி என்றால் இவருடைய அம்மா. எழுபத்தாறு வயது, சலரோகம் என்கிற நீரிழிவு. மணித்தியாலத்துக்கு ஒருமுறை போயாக வேண்டும், இல்லாவிட்டால் மானம் போய்விடும். அந்தப் பயத்தில் பதினொரு வருடமாக மாமி ஒரு பஸ்ஸிலும் ஏறவில்லை. சந்தைக்குப் போவதென்றால்கூட வழியில் யார் யார் வீடு இருக்கிறது என்று யோசித்துத்தான் போவார். பருத்தித்துறையில் அவருக்கு ஓர் அக்கா. பின்னேரம் ஆறு மணியானால் இரண்டு பேரும் போனில் கதைப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து நாளும் ஒரே கேள்வி, "எப்ப வாறாய்?" இந்தப் பக்கத்திலிருந்து நாளும் ஒரே பதில், "வாறன் வாறன்."

அந்தத் தை மாதம் அக்காவின் மகன் கனடாவிலிருந்து வந்தார், தாயை நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டு போக. அடுத்த சனிக்கிழமை பிளேன். எண்பத்திரண்டு வயதில் போகிறவர் திரும்பி வரப்போவதில்லை, இங்கேயிருந்து மாமியும் அங்கே போகப்போவதில்லை. "போனில பாக்கலாம்தானே, முகமெல்லாம் தெரியும்தானே" என்று மாமி எங்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், கழுவின அரிசியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். மாமியோடு நான் சண்டை பிடிக்காத நாள் குறைவு. ஆனால் அந்த அரிசியைப் பார்க்க முடியவில்லை.

பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கக்கூஸ் உள்ள பஸ் ஒன்றை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு என்னத்துக்கு இந்த ஒப்பாரி? வியாழக்கிழமை விடிய வெளிக்கிடுவது என்று முடிவு செய்தோம். மாமி நம்பவில்லை. போய்க் கதவைத் திறந்து பார்த்தார், மூடியைத் தூக்கிப் பார்த்தார், கதவைப் பூட்டிப் பார்த்தார். வெளியே வரும்போது முகமே வேறாக இருந்தது. அன்றைக்கே பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அது வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரமே இவர் வண்டியைத் துப்புரவு செய்யப் போனார். கக்கூஸுக்குள் பல்ப் எரியவில்லை. ஏணி எடுக்கப் பஞ்சி, சோம்பல்தான். மூடியை மூடிவிட்டு அதன் மேல் ஏறி நின்றார்.

சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது, இவர் கையில் புது பல்பைப் பத்திரமாகப் பிடித்தபடி, வலது கால் முழங்கால் வரை உள்ளே போய், நின்றுகொண்டிருந்தார். "பல்ப் உடையேல்லை" என்றார் என்னைப் பார்த்து. நான் சொன்னதை இங்கே எழுத ஏலாது.

அண்ணைக்கு அறிவித்தேன். கால் மணித்தியாலத்தில் சைக்கிளில் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முதலில் செய்த வேலை, இவருக்கு வணக்கம் சொன்னது.

"தம்பி, அசையாதேங்கோ. கதிரை போனாப் போகட்டும், கால் முக்கியம்."

சவுக்காரத் தண்ணீர் ஊற்றி, துணியைச் சுற்றி, மெல்ல மெல்லக் காலை வெளியே எடுத்தார். நல்ல காலம், தோல் உரிந்ததோடு சரி. பிறகு அரை மணித்தியாலம் ரோர்ச் அடித்துக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அடி வெடித்துவிட்டது, காலால் மிதித்தால் தண்ணீர் விடுகிற சுருள் வில்லும் முறிந்துவிட்டது, ஒட்டிப் பயனில்லை, புதுக் கதிரைதான் வேண்டும் என்றார். வீடுகளுக்கு வைக்கிறது இதற்குள் அடங்காது. வண்டிக்கும் படகுக்கும் என்று தனியாக வருவது வேண்டும். அது திருகோணமலைக் கடைகளில் இல்லை.

"எத்தினை நாளுக்குள்ள வேணும் தங்கச்சி?"

"வியாழக்கிழமை போகவேணும் அண்ணை. மாமியின்ர அக்காவை வழியனுப்ப வேணும்."

அண்ணை திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "அக்காவையோ?"

"கனடாவுக்கு அண்ணை! கனடாவுக்கு!"

"ஓமோம்" என்றார், மூச்சை விட்டபடி.

விசயம் முழுவதையும் சொன்னேன். வீட்டுக்குள் மாமி பெட்டிக்குள் சேலைகளை அடுக்குவது யன்னலால் தெரிந்தது. "அம்மாவை நான் போக வைக்கிறன்" என்றார்.

கொழும்பில் வண்டிச் சாமான், கடைச் சாமான் எல்லாம் இறக்குமதி செய்கிற ஒரு கடையின் நம்பரை நான் தேடிப் பிடித்தேன். கதைத்தது அண்ணை. நான் கதைத்திருக்க வேண்டும். இவருடைய காலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தபடியால் விட்டுவிட்டேன். அடுத்த அறையில் கட்டுப் போட்டபடி, "கதைச்சுப்போட்டன் தங்கச்சி, திங்கட்கிழமை பஸ்ஸில போட்டு விடுகினம்" என்ற குரலைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பஸ் ஸ்ராண்டிலிருந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பெரிய பெட்டி, நல்ல பாரம். வாசலில் வைத்து இவர் பிரித்தார். வெள்ளை நிறத்தில், மெத்தை வைத்து, கை வைக்க இரண்டு பக்கமும் பிடி வைத்து, தலை சாய்க்கத் தனியாக ஒரு சின்னத் தலையணை வைத்து, ஒரு கதிரை வெளியே வந்தது. சலூன் கதிரை. தலைமயிர் வெட்டுகிற சலூன்.

அண்ணை அதை ஒருமுறை சுற்றி வந்தார். கீழே இருந்த மிதியைக் காலால் அமத்தினார். கதிரை ஓர் அங்குலம் மேலே எழும்பியது.

"அண்ணை, நீங்கள் என்னெண்டு கேட்டனீங்கள்?"

"உள்ளதைத்தான் கேட்டனான். வெள்ளைக் கதிரை எண்டனான். ஒராள் தனிய இருக்கிறது. அடியை நிலத்தோட பூட்டுறது. காலால மிதிச்சா வேலை செய்ய வேணும். வயசு போன அம்மா ஒராள் இருக்கப்போறா, வழுக்கக்கூடாது எண்டனான்." தலையணையைத் தொட்டுப் பார்த்தார். "அந்தப் பொடியன் நல்ல மரியாதையாக் கதைச்சவன். தலை சாய்க்கவும் வேணுமோ எண்டு கேட்டவன். நான் வேணும் எண்டு சொல்லிப்போட்டன்."

"கக்கூஸ் எண்டு ஒரு சொல்லு! ஒரே ஒரு சொல்லு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!" என்று நான் கத்தினேன். என் குரல் உள்துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். முன் வீட்டு யன்னல் திறந்தது. "கக்கூஸ்! கக்கூஸ்! நான் சொல்லிப்போட்டன், என்ர வாய் அழுகியோ போச்சு?"

அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். சாமான் பெட்டியைக் கரியரில் வைத்துக் கட்டினார். முடிச்சுச் சரியாக விழவில்லை, இரண்டாம் முறை கட்டினார். சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

நான் திரும்பிப் பார்த்தபோது மாமி அந்தக் கதிரையில் ஏறி இருந்தார். இவர் சும்மா நிற்கமாட்டாமல் மிதியை மிதித்து மிதித்து மாமியை மேலே உயர்த்திக்கொண்டிருந்தார். மாமி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு குனிந்து கீழே பார்த்தார்.

"நல்ல கதிரைதான்" என்றார். "ஆனா ஓட்டை இல்லையே மோனே."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அதைவிட அந்த மனிதரைத் தெருவில் வைத்து அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். என் வாயை நினைத்து எனக்கே வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்தநாள் காலையில் கேற்றடியில் சைக்கிள் மணி. அதே வெள்ளைச் சேட்டு, அதே திருநீறு.

"தங்கச்சி, கிண்ணியாவில ஒரு போட் கரையில ஏத்திக் கிடக்கு. திமிங்கிலம் காட்டக் கொண்டுபோற போட். அதில இருக்கிறதும் உங்கடையும் ஒரு சாதி. பழைய முதலாளிக்கு நான்தான் பூட்டிக் குடுத்தனான். இப்ப போட்டை வேற ஆள் வாங்கிட்டார், அவரை எனக்குப் பழக்கமில்லை. போய்க் கேட்டுப் பாப்பம்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி மறித்தார். "ஒண்டு மட்டும். அங்க நான்தான் கதைப்பன். நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது." சத்தியம் செய்தேன். அந்த நேரம் என் தலையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

படகுக்காரர் நல்ல மனிதர்; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பதால் எங்களுக்கும் அவர் நானா. வாட்டசாட்டமான ஆள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் நிழலில் நின்றார். பக்கத்தில் நாலைந்து பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"நானா, உங்கட போட்டில ஒரு கதிரை இருக்குது. அதை ஒரு கிழமைக்குத் தந்தீங்களெண்டா பெரிய உதவி" என்று தொடங்கினார் அண்ணை.

"கதிரையா? பன்னெண்டு கதிரை இரிக்கி. எது வேணும்?"

"அது இல்லை நானா. ஒராள் தனிய இருக்கிறது."

"ஓட்டுறவர்ட கதிரையா? அது கழட்டேலா தம்பி."

"அதுவும் இல்லை. கதவுக்குள்ள இருக்கிறது."

"கதவுக்குள்ள கதிரை இல்லியே. சாமான் வைக்கிற பெட்டிதான் இரிக்கி. அதுல ஏறி இரிக்கேலும். அதுவா?"

"வெள்ளை..."

"வெள்ளக் கதிரை பூரா மேல்தட்டுல."

அண்ணையின் நெற்றியில் திருநீறு கரைந்து வழியத் தொடங்கியது. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என் நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. ஒரு நொடியில் முடித்துவிடலாம். சத்தியம் செய்திருக்கிறேனே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலை பொத்துகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

அண்ணை சாமான் பெட்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் கிடந்த மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, அத்தனை பேருக்கும் முன்னால், இல்லாத ஒரு கதவைத் திறந்து உள்ளே போனார். கதவைச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். வேட்டியை ஒதுக்கி, மீன் பெட்டியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு தூரத்துக் கடலைப் பார்த்தார். முகத்தில் ஒரு பாரம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாரம் மெல்ல இறங்கியது. எழும்பினார், வேட்டியைச் சரி செய்தார், வலது காலால் மண்ணில் ஒரு மிதி மிதித்தார். குனிந்து கீழே பார்த்து, கையை மெதுவாக ஆட்டிப் போய்வரச் சொன்னார்.

"கக்கூஸு!" என்று ஆறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அட அல்லாவே, அதச் சொன்னா என்ன தம்பி, வாய் வெந்தா போகும்?" என்று கேட்ட நானாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் சாய்ந்துவிட்டார். அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்தார். அவமானப்பட்ட முகமாக அது இல்லை. சோதனை எழுதிவிட்டு வெளியே வருகிறவர் முகமாக இருந்தது.

மாமியின் கதையைக் கேட்டதும் நானா சிரிப்பை நிறுத்தினார். "எடுத்துட்டுப் போங்க. சீசன் தொடங்க முன்ன தந்தாப் போதும்" என்றார். நான் சலூன் கதிரையைப் பற்றிச் சொன்னபோது அவர் கண் விரிந்தது. மிதிச்சா மேல போகுமா, கீழயும் வருமா என்று இரண்டு முறை கேட்டார். திமிங்கிலம் பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும்? அன்று பின்னேரமே கதிரைக்குக் கதிரை மாறியது. இன்றைக்கும் அந்தப் படகில் ஓட்டுகிறவர் சலூன் கதிரையில் உயர்ந்தும் தாழ்ந்தும் இருந்துதான் ஓட்டுகிறார்.

புதன்கிழமை முழுக்க அண்ணை வண்டிக்குள் இருந்தார். வெடித்ததைக் கழற்றி எடுத்து, அது இருந்த இடத்தில் ஒட்டிக் கிடந்த பழைய றப்பரைச் தட்டையான கரண்டியால் சுரண்டி, துடைத்து, புது றப்பர் வளையத்தை வைத்து, அதன் மேல் கதிரையைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி இறக்கினார். இரண்டு பக்க நட்டையும் மாறி மாறி இறுக்கினார். "ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினா மற்றப் பக்கம் கோவிச்சுக்கொள்ளும், செய்தி வரத் தொடங்கீடும்" என்றார். பிறகு தண்ணீர் விட்டு நாலைந்து தரம் வழியனுப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடைசியாகக் கதவைச் சாத்திவிட்டு உடுப்போடு தானே இருந்து பார்த்தார். பத்து நிமிடமாகியும் வெளியே வரவில்லை.

"என்ன அண்ணை, ஏதும் பிழையோ?"

"இல்லைத் தங்கச்சி. யன்னலால துறைமுகம் நல்லாத் தெரியுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். மாமி கக்கூஸ் கதவுக்குச் சந்தனம் பூசி, மாவிலை கட்டியிருந்தார். தான் அதில் போய் இருக்குமுன் வேறொருவரும் இருக்கக்கூடாது என்பது அவர் கட்டளை. நானும் இவரும் வழியில் சாப்பாட்டுக் கடைகளில் சமாளித்தோம்.

ஹொரவப்பொத்தானையில் கேட்டேன், "மாமி, போறியளோ?" "இப்ப வேண்டாம். அது கிடக்குத்தானே?" கதவைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டு வெளியே வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். வவுனியாவில் கேட்டேன். "கிடக்குத்தானே?" திறந்து காட்டினேன். கிளிநொச்சியில் மாமி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அங்கேதான் அண்ணையின் போன் வந்தது. இழுத்து இழுத்துக் கதைத்தார், எப்போதும் இல்லாத பதற்றம்.

"தங்கச்சி, கதிரைக்குத் தண்ணி கிடைச்சதோ?"

மாமி இருக்கிற கதிரையைத்தான் கேட்கிறார், வெயிலில் மாமிக்குத் தண்ணீர் கொடுத்தேனா என்று கேட்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். நல்ல மனிதர், எவ்வளவு அக்கறை! "ஓம் அண்ணை, ரெண்டு போத்தல் குடிச்சிட்டு நல்ல நித்திரை" என்றேன். "ரெண்டு போத்தலோ?" என்றார். பிறகு லைன் அறுந்துவிட்டது.

பருத்தித்துறை வரைக்கும் ஆறு மணித்தியாலத்துக்கு மேல். மாமி ஒருமுறைகூட இருக்கவில்லை. பதினொரு வருடம் அவரை வீட்டோடு கட்டிப்போட்டது சலரோகம் இல்லை, பயம்தான். அது கிடக்கிறது என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. மாமியின் அக்கா கேற்றில் நின்றார். ஒருவர் முகத்தை மற்றவர் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அன்றிரவு இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா கொழும்புக்கு வெளிக்கிட்டபோது மாமி கேற்றைப் பிடித்துக்கொண்டு கை காட்டினார். "பாத்திட்டன். போதும்" என்றார். திரும்பி வரும்போதும் மாமி ஒருமுறைகூட இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணை வந்தார். மூன்று நாள் நித்திரை கொள்ளாத முகம். முற்றத்தில் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

"அம்மா... இருந்தவவோ?"

அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? மீன் பெட்டியில் இருந்து காட்டிய மனிதர். ஒரு முழு நாள் முழங்காலில் நின்று பூட்டிய மனிதர். என்னிடம் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியத்தை நான் செய்தேன். பொய் சொன்னேன்.

"ஓம் அண்ணை. நாலு தரம்."

"நாலு தரமோ?"

"நாலு தரம். ஒவ்வொரு தரமும் அப்பிடி வழியனுப்பினது. தண்ணியெண்டா அருவி மாதிரி!"

அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு வண்டிக்குள் ஏறினார். நான் பின்னால் போனேன். அவர் கதிரைக்குப் பின்பக்கம் கையை விட்டு, கீழே இருந்த வால்வைத் திருகினார். அது கிரீச்சிட்டது. காலியாகக் கிடந்த குழாய்க்குள் காற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் ஓடி வருகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

புதன்கிழமை சோதித்து முடிந்ததும் மூடிய தண்ணீரை, போகும்போது அவர் திறந்துவிட மறந்திருக்கிறார். மூன்று நாளாக அந்தக் கதிரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்திருக்க வழியில்லை. என் முகம் சுட்டது. ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்லும் வரவில்லை.

அண்ணை காலால் மிதித்து ஒருமுறை வழியனுப்பிப் பார்த்தார். மூடியை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு, யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் தோள் மெல்லக் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாலு தரம்" என்றார் மறுபடியும், சந்தோசமாக. "தேத்தண்ணி இருக்கோ தங்கச்சி?"

ஓடிப்போய்ப் போட்டுக் கொடுத்தேன்.